பக்கவாட்டை மட்டும் நேராக்கும் தகடு: ஸ்மால் பிளாக் ஷெவிக்கு இரண்டு துண்டு கைடு பிளேட்

ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8 இன்ஜினுக்கு அலுமினிய ஹெட், பெரிய கேம், ரோலர் ராக்கர் எல்லாம் வாங்கி அடுக்கியவர்கள் கடைசியில் வந்து முட்டிக்கொள்வது உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு தகட்டில். புஷ்ராடு எந்தத் தடத்தில் ஏறி இறங்க வேண்டும் என்று பிடித்துவைக்கிற கைடு பிளேட் அது. கேமின் மேடு லிஃப்டரைத் தூக்கும், லிஃப்டர் புஷ்ராடு என்ற நீளக் கம்பியைத் தள்ளும், புஷ்ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, உருளை உள்ள மறுமுனை வால்வை அமுக்கித் திறக்கும். பெரும்பாலும் கிடைப்பது ஒரே துண்டாக வெட்டிய தகடு. இரண்டு துண்டாக வந்து, நமக்கு வேண்டிய இடத்துக்கு நகர்த்தி இறுக்கிக்கொள்ளும் வகையும் உண்டு. இஸ்கி ரேசிங் கேம்ஸ் ‘அட்ஜஸ்ட்-எ-கைடு’ என்ற பெயரில் விற்பது அந்த வகை.

கூடுதல் காசு கொடுத்து வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் அது எதைச் சரிசெய்யும், எதைத் தொடவே தொடாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். ராக்கரின் உருளை வால்வுத் தண்டின் தலையில் இடதோ வலதோ விலகி நின்றால் இந்தத் தகடு கைகொடுக்கும். இன்டேக் பக்கமோ எக்ஸாஸ்ட் பக்கமோ முன்பின்னாக விலகி நின்றால் ஒன்றும் செய்யாது. அது புஷ்ராடு நீளத்தில் தீர்க்க வேண்டிய கணக்கு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டவர்கள்தான் தகட்டை வாங்கிப் போட்டுவிட்டு, காசு தண்டம் என்கிறார்கள்.

அமெரிக்க இன்ஜின் என்பதால் அளவெல்லாம் அங்குலத்தில். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை லேத் பட்டறையில் சொல்கிற மாதிரி ‘தௌ’ என்றே இங்கே எழுதியிருக்கிறது. 40 தௌ என்றால் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

தகடு எதற்கு வந்தது

அம்பாசிடர் இன்ஜினில் டாப்பெட் வைத்துப் பழகியவர்களுக்கு ராக்கர் ஷாஃப்ட் தெரியும். ஒரு நீள ஷாஃப்டில் எல்லா ராக்கரும் வரிசையாகக் கோத்திருக்கும். அது பக்கவாட்டில் திரும்ப வழியே இல்லை. 1955-ல் 265 கன அங்குலத்தோடு வந்த ஸ்மால் பிளாக் ஷெவியில் அந்த ஷாஃப்ட் கிடையாது. ஒவ்வொரு ராக்கருக்கும் தனியாக ஒரு ஸ்டட், அதில் அரைப்பந்து மாதிரி ஒரு துண்டு, மேலே ஒரு நட், அவ்வளவுதான். ஷெவர்லேயைப் போலவே ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த போன்டியாக்கில் இருந்த கிளேட்டன் லீச் என்ற பொறியாளர் யோசித்த வேலை அது. அதே ஆண்டு வந்த போன்டியாக் வி8-லும் அதுதான் இருந்தது. மலிவு, எடை குறைவு, இன்ஜின் வேகமாகச் சுற்ற ஒத்துழைக்கும். ஒரே ஒரு குறை: பந்தின்மேல் உட்கார்ந்த ராக்கர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும்.

அதைத் திரும்பவிடாமல் பிடிக்க மூன்று வழிகள் வந்தன. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் புஷ்ராடு போகும் துளையே ஒடுக்கமாக இருக்கும். துளையின் சுவரே புஷ்ராடைப் பிடிக்கும், புஷ்ராடு ராக்கரைப் பிடிக்கும். இரண்டாவது, துளையைத் தாராளமாக விட்டுவிட்டு ஸ்டட்டுக்கு அடியில் கைடு பிளேட் வைப்பது. சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான அலுமினிய ஹெட்கள் இந்த வகை. மூன்றாவது, 1987-க்குப் பின் வந்த கம்பெனி ஹெட்களில் உள்ள செல்ஃப் அலைனிங் ராக்கர். வால்வு முனையின் இரு பக்கமும் இறங்கிப் பிடிக்கிற மாதிரி ராக்கர் மூக்கிலேயே இரண்டு காது இருக்கும்.

இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுதான் இருக்க வேண்டும். கைடு பிளேட்டும் வைத்து, செல்ஃப் அலைனிங் ராக்கரும் போட்டால் ஒரே ராக்கரை இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுப்பார்கள். வால்வு கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்) தேயும், புஷ்ராடு தேயும். அதனால் தகட்டை ஆர்டர் செய்யும் முன் கையில் உள்ள ராக்கரைக் கவிழ்த்துப் பாருங்கள். மூக்கில் காது இருந்தால், ரோலர் வகையாக இருந்தால் உருளையின் இரு பக்கமும் பெரிய வட்டத் தகடு இருந்தால், இந்த விமர்சனம் உங்களுக்கு இல்லை. எதிர்ப்பக்கத் தப்பும் நடக்கிறது: காது வைத்த ராக்கரைப் பழைய ஹெட்டில் போடுகிறார்கள். வால்வு முனை ரிடெய்னருக்கு (வால்வு ஸ்பிரிங்கை மேலே பிடிக்கும் தட்டு) மேல் போதிய உயரம் நீட்டிக்கொண்டிருக்காவிட்டால் அந்தக் காது ரிடெய்னரை அமுக்கும். லாக் கழன்றால் வால்வு சிலிண்டருக்குள் விழும். அதற்குப் பிறகு பேச ஒன்றும் இருக்காது.

ஒற்றைத் தகட்டோடு ஒப்பிட்டால்

ஒரு சிலிண்டருக்கு ஒரு தகடு, ஹெட்டுக்கு 4, இன்ஜினுக்கு 8. ஒற்றைத் துண்டில் இரண்டு ஸ்டட் துளை, இரண்டு புஷ்ராடு வெட்டு. நான்கின் இடைவெளியும் தொழிற்சாலையில் முடிவானது. ஆனால் நம் ஹெட்டில் ஸ்டட் துளையும் வால்வு கைடும் அதே இடைவெளியில் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. இன்டேக் ராக்கரை நடுவுக்குக் கொண்டுவந்தால் எக்ஸாஸ்ட் ராக்கர் ஓரத்துக்குப் போகும், எக்ஸாஸ்டைச் சரிசெய்தால் இன்டேக் போகும். இந்த இழுபறி எட்டு சிலிண்டரிலும் ஒரே மாதிரி இருக்காது என்பதுதான் எரிச்சல். ஆறு சிலிண்டர் கச்சிதமாக வந்துவிடும். ஏழாவதில் உருளை பாதி வெளியே தொங்கும்.

பழைய பட்டறை வைத்தியம் ஒன்று உண்டு. தகட்டை நடுவில் அறுத்து, இரண்டு பாதியையும் தனித்தனியாக ஹெட்டில் வைத்து நேராக்கி, பிறகு சேர்த்துப் பற்றவைப்பது. இரண்டு துண்டுத் தகடு செய்வதும் அதேதான், அறுக்கும் வேலையை அவர்களே செய்து தருகிறார்கள். வேறுபாடு, ஒரு பாதி மற்றதோடு ஒட்டி ஒழுங்காக நகர்கிறது. கையால் அறுத்ததில் பாதிகள் ஒரே தளத்தில் நிற்காமல் ஸ்டட்டை இறுக்கும்போது ஒரு முனை தூக்கும். அந்தத் தொல்லை இதில் இல்லை. நேரத்துக்கு விலை போட்டுப் பார்த்தால் வாங்குவதே லாபம்.

முதலில் புஷ்ராடு நீளம்

தகட்டைப் பற்றிய விமர்சனத்தில் புஷ்ராடு நீளத்துக்கு இவ்வளவு இடமா என்று கேட்கலாம். வேறு வழியில்லை. நீளம் முடிவாகாமல் தகட்டை நேராக்கினால், நீளத்தை மாற்றியதும் புஷ்ராடின் சாய்வு மாறும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தகட்டோடு சேர்த்து வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நீளம் மாற்றக்கூடிய செக்கிங் புஷ்ராடு. இரண்டாவது, ஒரு ஜோடி மெல்லிய செக்கிங் ஸ்பிரிங். செக்கரில் பல வகை ஓர் அங்குலத்துக்கு 20 மரை என்ற கணக்கில் வரும். ஒரு சுற்று சுற்றினால் 50 தௌ நீளும். சுற்றை எண்ணிக்கொண்டே போகலாம் என்பதால் இது வசதி. மரை வேறு கணக்கில் இருக்கும் செக்கரை வாங்கினால் ஒவ்வொரு முறையும் வெர்னியரை எடுக்க வேண்டியிருக்கும். உண்மையான வால்வு ஸ்பிரிங்கோடு இந்தச் செக்கரைப் போட்டுச் சுற்றாதீர்கள். நடுவில் மரை வைத்த குழாய் அது. பெரிய கேமுக்கான இரட்டை ஸ்பிரிங் அழுத்தத்தில் வளையும்.

ஹைட்ராலிக் லிஃப்டரோடும் அளக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பிளஞ்சர் எண்ணெயை விட்டுக்கொடுத்து அமுங்கும், தூக்கம் (லிஃப்ட், அதாவது வால்வு திறக்கும் அளவு) குறைவாகக் காட்டும். அதே உயரத்தில் பிளஞ்சர் நகராதபடி செய்த லிஃப்டர் ஒன்று வேண்டும்.

இனி அளவு. முதல் சிலிண்டரை கம்ப்ரெஷன் முடிவில், அதாவது இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிறுத்துங்கள். வால்வு முனையில் கறுப்பு மார்க்கர் பூசுங்கள். செக்கரை வைத்து, ராக்கரை நட்டால் இடைவெளியும் அழுத்தமும் இல்லாமல் நிறுத்துங்கள். கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, ராக்கரைக் கழற்றிப் பாருங்கள். உருளை ஓடிய இடத்தில் மை அழிந்து ஒரு பட்டை தெரியும். அதன் அகலத்தை வெர்னியரில் எடுங்கள். செக்கரை ஒரு சுற்று மாற்றி மறுபடி. நான்கைந்து முறை செய்தால் எந்த நீளத்தில் பட்டை மிக ஒல்லியாக வருகிறது என்று தெரிந்துவிடும்.

இங்கேதான் பெரிய சறுக்கல். பட்டை முனையின் நடுவில் வந்தால் போதும் என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நடுவில் அகலமான பட்டை இருப்பதைவிடச் சற்று ஓரத்தில் ஒல்லியான பட்டை இருப்பது மேல். காரணம் எளிது. ராக்கர் ஒரு வட்டத்தில் ஆடுகிறது, வால்வு நேர்கோட்டில் போகிறது. நீளம் சரியாக இருந்தால், பாதித் தூக்கத்தில் ராக்கரின் மையத்தையும் உருளையின் மையத்தையும் சேர்க்கும் கோடு வால்வுக்குச் செங்குத்தாக நிற்கும். அப்போது உருளை பாதித் தூக்கம் வரை வெளிப்பக்கம் கொஞ்சம் நகர்ந்து, மீதிப் பாதியில் வந்த வழியே திரும்பிவிடும். 500 தௌ தூக்கத்துக்கு இந்த நகர்வு கணக்குப்படி 20 தௌ சுற்றிதான். மார்க்கரில் தெரியும் பட்டை அதைவிட அகலமாகத்தான் இருக்கும். 40 முதல் 60 தௌ வந்தால் சந்தோஷப்படலாம், 80 தௌ தாண்டினால் நீளம் தப்பு.

எந்தப் பக்கம் தப்பு என்பதையும் கண்ணால் பார்த்தே சொல்லலாம். கிராங்கை மெதுவாகச் சுற்றும்போது உருளையையே பாருங்கள். வால்வு திறக்கும் நேரம் முழுக்க அது ஸ்டட்டை நோக்கி மட்டும் நகர்ந்தால் ராக்கர் உயரமாக உட்கார்ந்திருக்கிறது, புஷ்ராடு நீளம். ஸ்டட்டை விட்டு விலகிக்கொண்டே போனால் ராக்கர் தாழ்வு, புஷ்ராடு குட்டை. போய்த் திரும்பினால் சரி. இந்த ஒரு பார்வை, மை பூசிப் பார்க்கும் நான்கு சுற்றில் இரண்டை மிச்சப்படுத்தும்.

கம்பெனி அளவு ஃபிளாட் டாப்பெட் (அடி தட்டையான லிஃப்டர்) இன்ஜினுக்கு ஏறத்தாழ 7.8 அங்குலம். 1987-க்குப் பிந்தைய ஹைட்ராலிக் ரோலர் இன்ஜினில் லிஃப்டர் உயரம் என்பதால் 7.2. இந்த எண்களைப் பார்த்து யாரும் ஆர்டர் போட்டுவிடாதீர்கள். பெரிய கேமின் அடிவட்டம் (மேடு இல்லாத பகுதியின் வட்டம்) சிறிதாகியிருந்தால் நீளம் கூட வேண்டும். ஹெட்டையோ பிளாக்கையோ சீவியிருந்தால், கேஸ்கெட் மெல்லியதாக இருந்தால் குறைய வேண்டும். இன்னொரு வலை: புஷ்ராடு முனையில் எண்ணெய்த் துளை இருப்பதால் பந்தின் உச்சி வெட்டுப்பட்டிருக்கும். சிலர் முனையிலிருந்து முனைக்கு அளந்த நீளத்தைச் சொல்வார்கள். சிலர் துளையே இல்லாத முழுப் பந்தாக நினைத்துக் கணக்கிடுவார்கள். இரண்டுக்கும் 15 முதல் 20 தௌ வரை வித்தியாசம் வரும். ஆர்டர் செய்யும்போது எந்த முறை என்று கேட்டுவிடுங்கள். ஹைட்ராலிக் லிஃப்டருக்கு பிரீலோடு கொடுக்கும்போது (பிளஞ்சரைச் சற்று அமுக்கி வைக்கும்போது) ராக்கர் அந்த அளவுக்குக் கீழே இறங்கும் என்பதால், அளந்த நீளத்தோடு பிளஞ்சர் அமுங்கும் 30 முதல் 40 தௌவைக் கூட்டித்தான் வாங்க வேண்டும்.

தகட்டைப் பூட்டுதல்

இப்போதுதான் தகடு. பூட்டும் முன் ஹெட்டைப் பாருங்கள். வார்ப்பிரும்பு ஹெட்டில் அழுத்திப் பொருத்திய 3/8 ஸ்டட் இருந்தால் இந்தத் தகடு நேராகப் பொருந்தாது. அந்த ஸ்டட்டைப் பிடுங்கி, 7/16 அங்குலம் 14 மரை போட்டு, திருகும் ஸ்டட் வைக்க வேண்டும். அதற்கும் முன், ஸ்டட் உட்காரும் மேட்டை, தகட்டின் தடிமனும் ஸ்டட்டின் அறுகோணத் தலை உயரமும் சேர்ந்த அளவுக்கு மில்லிங்கில் இறக்க வேண்டும். இறக்காமல் வைத்தால் ராக்கர் மேலே தூக்கி நிற்கும். புஷ்ராடு துளையையும் அகலப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் துளையின் சுவர் ஒரு பக்கம், தகடு ஒரு பக்கம் என்று மறுபடி இரட்டைப் பிடி.

ஸ்டட் துளைகள் சில ஹெட்களில் இன்டேக் பாதைக்குள் திறந்திருக்கும். மரையில் சீலண்ட் தடவாமல் திருகினால் அந்த வழியாக எண்ணெய் இன்டேக்குக்குள் இழுபடும், புகை வரும், பாவம் வால்வு சீல்மேல் பழி விழும். நகர்த்தும் தகட்டில் இது கூடுதல் தலைவலி. தகட்டை நேராக்க ஸ்டட்டைப் பலமுறை இறுக்கித் தளர்த்துவோம். சீலண்ட் இல்லாமலே எல்லாச் சோதனையும் முடித்து, கடைசி இறுக்கலில் மட்டும் தடவுங்கள்.

இரண்டு பாதியையும் வைத்து, ஸ்டட்களைக் கையால் இறுக்கி, புஷ்ராடையும் ராக்கரையும் பூட்டி, வால்வு மூடிய நிலையில் நேர் மேலிருந்து பாருங்கள். தகட்டை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதில் புதியவர்கள் தடுமாறுவார்கள். ராக்கர் ஸ்டட்டைச் சுற்றித் திரும்புகிற ஒரு துலாக்கோல். புஷ்ராடை இடது பக்கம் தள்ளினால் உருளை வலது பக்கம் போகும். அதுமட்டுமல்ல, வால்வுப் பக்கக் கை 1.5 மடங்கு நீளம் என்பதால் தகட்டை 10 தௌ நகர்த்தினால் உருளை 15 தௌ நகரும். கண்ணுக்கே தெரியாத அளவு தட்டிவிட்டாலும் மேலே நன்றாகத் தெரியும். அதனால் சுத்தியல் வேண்டாம், திருப்புளியின் பிடியால் லேசாகத் தட்டினால் போதும்.

உருளை வால்வு முனையின் நடுவில் துல்லியமாக நிற்க வேண்டும் என்று யாரும் அழ வேண்டாம். 11/32 அங்குலத் தண்டில் 20 தௌ விலகல் ஒரு கேடும் செய்யாது. உருளையின் பட்டை முனையின் விளிம்பைத் தாண்டக் கூடாது, அதுதான் எல்லை. தாண்டினால் வால்வுத் தண்டு ஒரு பக்கம் தள்ளப்படும், கைடு நீள்வட்டமாகத் தேயும், எண்ணெய் இறங்கும். ராக்கரின் ஊசி பேரிங்குகளும் ஒரு ஓரத்தில் மட்டும் பாரம் வாங்கும்.

இந்தத் தகட்டின் மேல் உள்ள ஒரே பெரிய புகார் இறுக்கும்போது வருகிறது. ஸ்டட்டைத் திருகும்போது அதன் அறுகோணத் தலை தகட்டையும் தன்னோடு கொஞ்சம் இழுத்துப் போகும். ஒற்றைத் தகட்டில் பக்கத்து ஸ்டட் அதைத் தடுக்கும். இரண்டு துண்டில் நகர இடம் இருப்பதுதான் அதன் சிறப்பு என்பதால், அந்த இடமே இப்போது எதிரி. அருமையாக நேராக்கி, 50 அடி-பவுண்டுக்கு இறுக்கி முடித்துப் பார்த்தால் உருளை பழைய இடத்தில் இருக்காது. இறுதி டார்க் எண்ணை ஹெட் தயாரித்தவரிடம் எடுத்துக்கொள்ளுங்கள், 50-ஐச் சுற்றித்தான் பெரும்பாலும் இருக்கும். வழி: இரண்டு ஸ்டட்களையும் மாறி மாறி, 15, 30, பிறகு முழு எண் என்று படிப்படியாக இறுக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் புஷ்ராடு வெட்டில் ஒரு பழைய புஷ்ராடைச் செருகிக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். தலைக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் இழுப்பு குறையும். அப்படியும் முதல் ஹெட்டில் நான்கில் ஒன்றிரண்டை மறுபடி செய்ய வேண்டிவரும் என்று நினைத்தே உட்காருங்கள்.

பற்றவைப்பதா, விடுவதா? தெருவில் ஓடும் வண்டிக்கு, சரியாக இறுக்கிய ஸ்டட்டின் பிடியே போதும் என்பது எங்கள் கருத்து. பந்தய இன்ஜினை அடிக்கடி கழற்றுபவர்கள் பற்றவைப்பது புத்திசாலித்தனம். அடுத்த முறை ஸ்டட்டைக் கழற்றினால் அமைப்பு கலையாது. இரு பாதியின் நடுவே கூரான ஆணியால் கோடு கிழித்துக் குறித்து, ஹெட்டிலிருந்து எடுத்தபின் புஷ்ராடு வெட்டுகளுக்குத் தொலைவில் இரண்டு சிறு புள்ளி டிக் வெல்டிங் வைத்தால் போதும். வெட்டுக்கு அருகில் சூடு காட்டினால் அந்த இடத்தின் கடினம் இறங்கும், புஷ்ராடு உரசி உரசிப் பள்ளம் விழும். ஹெட்டிலேயே வைத்துப் பற்றவைக்கிற சாகசம் வேண்டாம். அலுமினியத்தில் தெறித்த பொறி எங்கே போய் உட்காரும் என்று தெரியாது. ஒவ்வொரு தகட்டிலும் சிலிண்டர் எண்ணைப் பொறித்துவிடுங்கள். பற்றவைத்தபின் எட்டும் எட்டு விதம். இடம் மாறினால் செய்த வேலை எல்லாம் வீண்.

புஷ்ராடு கடினப்படுத்தியதாக இருப்பது கட்டாயம். துளைச் சுவர் வழிகாட்டும் ஹெட்டுக்கான சாதாரண புஷ்ராடை இந்தத் தகட்டில் ஓட்டினால் கொஞ்ச நாளில் பக்கவாட்டில் தேய்ந்து, அந்த இரும்புத்தூள் எண்ணெயில் கலக்கும். சந்தேகமாக இருந்தால் அரத்தை ஓரத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது, கடித்தால் வேண்டாம். தகட்டின் வெட்டும் புஷ்ராடின் தடிமனும் பொருந்த வேண்டும்: 5/16 புஷ்ராடுக்கு 5/16 தகடு, 3/8-க்கு 3/8. பெரிய வெட்டில் சிறிய ராடைப் போட்டால் அது உள்ளே ஆடும், நேராக்கியதற்கே பொருள் இல்லை.

நகர்த்தியபின் மறக்கிற சோதனை ஒன்று. தகட்டை நகர்த்தினால் புஷ்ராடு சாயும். சாய்ந்த ராடு ஹெட்டின் துளை ஓரத்தில் உரசலாம். 1.5-லிருந்து 1.6 ராக்கருக்கு மாறியிருந்தால் புஷ்ராடு குழி ஸ்டட்டுக்கு இன்னும் நெருங்கும், உரசல் வாய்ப்பு கூடும். 300 தௌ கேம் மேட்டுக்கு 450 தௌ தூக்கத்தை 480 ஆக்கும் ஆசையில் இதை விட்டுவிடுகிறார்கள். மூடிய நிலையிலிருந்து முழுத் தூக்கம் வரை, ஒவ்வொரு ராடையும் விரலால் சுழற்றிக்கொண்டே கிராங்கைச் சுற்றுங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். அதே சுற்றில், ராக்கர் உடம்புக்கும் ரிடெய்னருக்கும் 40 தௌ, முழுத் தூக்கத்தில் ரிடெய்னருக்கும் வால்வு சீலுக்கும் 50 தௌவுக்குக் குறையாத இடைவெளி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

வால்வு வைக்கும்போது

உண்மையான ஸ்பிரிங் ஏறியபின், எக்ஸாஸ்ட் திறக்க ஆரம்பிக்கும்போது அதே சிலிண்டரின் இன்டேக்கையும், இன்டேக் கிட்டத்தட்ட மூடும்போது எக்ஸாஸ்டையும் வையுங்கள், அதாவது ராக்கர் நட்டை அளவுக்கு இறுக்குங்கள். ஹைட்ராலிக் லிஃப்டருக்கு ‘அரைச் சுற்று’ என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த மரையில் அரைச் சுற்று என்று கேட்பவர் குறைவு. 3/8 ஸ்டட்டின் மேல்பகுதி 24 மரை, ஒரு சுற்று 42 தௌ. 7/16-ல் 20 மரை, ஒரு சுற்று 50 தௌ. நட் இறங்கும் அளவு அப்படியே லிஃப்டருக்குப் போவதும் இல்லை. வால்வு முனை அசையாமல் நிற்பதால் புஷ்ராடு பக்கம் 1.67 மடங்கு இறங்கும். 7/16 ஸ்டட்டில் அரைச் சுற்று கொடுத்தால் பிளஞ்சர் 42 தௌ அமுங்குகிறது. நீங்கள் வைத்திருக்கும் லிஃப்டருக்கு 20 முதல் 30 தௌ போதும் என்று சொல்லியிருந்தால் கால் சுற்றுக்குக் கொஞ்சம் மேலேயே நிறுத்த வேண்டும். நீளம் வாங்கும்போது கூட்டிய அளவும் இதே எண்ணாக இருக்க வேண்டும். பாலிலாக் என்ற பூட்டு ஸ்குரூ வைத்த ராக்கர் நட்டில், நடு ஸ்குரூவை இறுக்கியபின் நட்டையும் சேர்த்து இன்னும் அரைக்கால் சுற்று கொடுத்தால்தான் பூட்டு உண்மையில் பிடிக்கும். அந்த அரைக்காலை முதலிலேயே கழித்துக்கொள்ளுங்கள். பாலிலாக் உயரமானது, கம்பெனி ராக்கர் கவரில் முட்டும். உயரமான கவருக்கும் பட்ஜெட்டில் இடம் விடுங்கள்.

யாருக்கு வேண்டாம்

ஒற்றைத் தகடு போட்டு, பதினாறு உருளையும் முனைக்குள்ளேயே நின்றால் இதை வாங்க வேண்டாம். ஒன்றிரண்டு மட்டும் விலகினால், ஸ்டட் துளையைச் சிறிது அரத்தால் ராவியே பலர் முடித்துவிடுகிறார்கள், அதுவும் தப்பில்லை. வோர்டெக் என்ற பிந்தைய கம்பெனி ஹெட்டை அப்படியே கம்பெனி நிலையில் ஓட்டுபவருக்கு செல்ஃப் அலைனிங் ராக்கரே போதும். பழைய ஸ்மால் பிளாக்குக்குப் பின் வந்த புதிய தலைமுறையான எல்எஸ் இன்ஜின்காரர்களுக்கு இந்த உலகமே இல்லை. அதில் ராக்கர் மேடையில் போல்ட் போட்டு இறுகியிருக்கும், நகர்த்த ஒன்றும் கிடையாது. ஸ்பிரிங் அழுத்தம் மிக அதிகமாகி, ஸ்டட்டே வளையும் அளவுக்குப் போனவர்கள் இந்தத் தகட்டில் காசு போடாமல் ஷாஃப்ட் ராக்கருக்குச் சேமிக்கலாம்.

மற்றபடி, பெரிய கேமும் அலுமினிய ஹெட்டும் ரோலர் ராக்கரும் சேர்ந்த ஸ்மால் பிளாக்குக்கு இது நல்ல பொருள். ஒரு ஹெட்டுக்கு அரை நாள் பொறுமை மட்டும் வேண்டும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு, சில நூறு கிலோமீட்டருக்குள், ஒரு முறை ராக்கர் கவரைத் திறந்து ஒவ்வொரு புஷ்ராடையும் துடைத்துப் பாருங்கள். தகடு தொடும் இடத்தில் மெல்லிய பளபளப்பு இருக்கும், அது இயல்பு. நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற பள்ளம் இருந்தால், அந்தப் பாதி நகர்ந்திருக்கலாம், அல்லது புஷ்ராடு கடினப்படுத்தாததாக இருக்கலாம். அந்தச் சிலிண்டரின் இரண்டு ஸ்டட்களையும் தளர்த்தி மறுபடி வையுங்கள்.